வெந்நீரைக் குறைத்து வெளுக்க முடியுமா? லாண்டரிக்கான நொதிப் பொடி பற்றிக் கொட்டாரத்திலிருந்து

லாட்ஜ் விரிப்புகளை வெளுக்க நொதி (என்சைம்) கலந்த ஊறவைக்கும் பொடியை வாங்கலாமா என்று எங்கள் தொழிலில் இருக்கும் பலர் என்னிடம் கேட்கிறார்கள். வாங்கலாம். ஆனால் பொடியை மட்டும் மாற்றிவிட்டுப் பழையபடி கொதிக்கிற காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டால் காசு சாக்கடையில் போகும். பொடிக்கு ஏற்றபடி வேலை முறையையும் மாற்ற வேண்டும். எப்படி மாற்றுவது என்பது மூட்டையோடு வரும் துண்டுச்சீட்டில் இல்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் லாண்டரி கொட்டாரத்தில் இருக்கிறது. கன்னியாகுமரி லாட்ஜ்களிலிருந்து விரிப்பு, தலையணை உறை, துண்டு வரும். சுசீந்திரம், நாகர்கோவில் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலிருந்து மேசை விரிப்பும் நாற்காலி உறையும் வரும். அப்பா காலத்தில் உவர்மண்ணும் வெள்ளாவியும்தான். துணியை உவர்மண் கரைசலில் முக்கி, அடுக்கி, அடியில் தீ மூட்டி ஆவியில் அவிப்பார்கள். அப்புறம் சலவைச் சோடா வந்தது, காஸ்டிக் வந்தது, பிளீச்சிங் பவுடர் வந்தது. அடுப்பு மட்டும் அப்படியே இருந்தது. ரப்பர் விறகும் கொதும்பும் சிரட்டையும் போட்டு அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தால்தான் அழுக்குப் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் ஊறிப்போன நம்பிக்கை. நானும் மைனியும் (அண்ணன் மனைவி) லாண்டரியை எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகு, விறகு விலையும் அந்த அனலில் நிற்கும் பெண்களின் உடம்பும்தான் எங்களை வேறு வழி தேட வைத்தன.

நாங்கள் வாங்குவது 25 கிலோ மூட்டை. நாகர்கோவிலில் லாண்டரிச் சாமான்கள் விற்கும் கடையில் கிடைக்கிறது. சாதாரணப் பொடியைவிட விலை இரண்டு மடங்குக்கு மேல். இந்த மாதிரிப் பொடியைப் பல கம்பெனிகள் கலந்து, பல பெயர்களில் விற்கின்றன. உள்ளே போகும் நொதியைத் தயாரிப்பவர்கள் குறைவு. டென்மார்க்கில் இருக்கும் நோவோனெசிஸ் அவர்களில் பெரியது. 2024 வரை நோவோசைம்ஸ் என்ற பெயரில் இருந்தது. அதனால் மூட்டையின் மேல் இருக்கும் பெயரைவிட உள்ளே எந்தெந்த நொதி இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் மூட்டையில் நான்கு: புரோட்டியேஸ், அமைலேஸ், லைப்பேஸ், செல்லுலேஸ். இப்படிப்பட்ட பொடிகளில் நொதி எடைக்கு நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். மிச்சமெல்லாம் சோடா, உப்பு, அழுக்குநீக்கி. அந்தக் கொஞ்சம் போதும், ஏனென்றால் நொதி வேலை செய்து தீர்ந்துபோவதில்லை. ஒரு மூலக்கூறு ஒரு பிணைப்பை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும், அப்படியே ஆயிரக்கணக்கில்.

முதலில் தலையணை உறை. எங்கள் வேலையிலேயே கஷ்டமானது அதுதான். இங்கே வந்து தங்குகிறவர்களில் நிறையப் பேர் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்கள். கடலில் குளித்து, உப்பும் மணலுமாக வந்து, குளித்து எண்ணெய் தடவிப் படுத்தால் உறையின் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம் விழும். புது எண்ணெயைச் சோடாவும் வெந்நீரும் எடுத்துவிடும். பல தடவை படிந்து இஸ்திரிச் சூட்டில் இறுகிய எண்ணெயை அவை எடுக்காது. லைப்பேஸ் அந்தக் கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்குகிறது. கொழுப்பு அமிலம் சோடாத் தண்ணீரில் சோப்பாகிவிடும், அலசினால் போய்விடும்.

இதன் பலன் முதல் வெளுப்பிலேயே முழுதாகத் தெரியாது. சலவைப் பொடிகளுக்கென்று முதலில் வந்த லைப்பேஸ்கள் நிறையத் தண்ணீரில் மிதக்கும்போது செய்வதைவிட, துணியில் ஈரம் குறைந்துவரும் நேரத்தில்தான் அதிகம் வேலை செய்தன. கொடியில் காயும்போது எண்ணெய் உடையும்; உடைந்தது அடுத்த வெளுப்பில் வெளியேறும். பிற்பாடு வந்தவற்றில் இந்தக் குணத்தைத் திருத்தி, முதல் வெளுப்பிலேயே பலன் வரும்படி செய்திருக்கிறார்கள். எங்கள் உறைகளில் இரண்டு மூன்று வெளுப்புக்குப் பிறகுதான் வட்டம் மங்கியது. ஆகவே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

மண்டப விரிப்பு வேறு கதை. நம் ஊர்ச் சாப்பாட்டில் பருப்பு, சாம்பார், புளிசேரி, அடைப் பிரதமன், போளியும் பால் பாயசமும் என்று வரிசையாக விழும். அதில் பாதி மாவுப்பொருள். சோற்றுக் கஞ்சியும் பாயசமும் காய்ந்தால் துணியில் பசையாக ஒட்டி, மற்ற அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அமைலேஸ் அந்த மாவுச் சங்கிலியை வெட்டியதும் மேலே இருக்கும் அழுக்கும் சேர்ந்து கழன்றுவிடுகிறது. பாலும் மீன்குழம்பும் ரத்தமும் வியர்வையும் புரோட்டியேஸின் வேலை. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தக் கறைகளைக் கொதிநீரில் போட்டால் புரதம் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். கொதிக்க வைத்து வெளுத்த காலத்தில் ரத்தக் கறை பழுப்பாகத் தங்கிப்போனதற்கு அதுதான் காரணம்.

செல்லுலேஸ் அழுக்கை நேராகத் தொடுவதில்லை. பருத்தித் துணி பழசாகும்போது மேலே பஞ்சுபோல் நுண்ணிய இழைகள் எழும்பி நிற்கும், அவற்றைச் சிரைக்கிறது. விரிப்பு கையில் வழவழப்பாகத் தெரியும், வெள்ளையும் பளிச்சென்று இருக்கும். ஜீன்ஸ் துணியைக் கல்லோடு போட்டு உருட்டி மங்கவைத்த ஆலைகள் பிறகு கல்லைக் குறைத்தது இந்த நொதியை வைத்துத்தான். துணி ஆலைகளுக்குச் செல்லுலேஸ் கொடுக்கும் டிரைக்கோடெர்மா ரீசை என்ற பூஞ்சை, இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரத் துணியை அரித்துத் தின்றபோது கண்டுபிடிக்கப்பட்டது. கூடாரத்தைத் தின்ற அதே பூஞ்சையை வளர்த்துத் துணிக்கு மெருகேற்ற வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று மைனியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன்.

நான் வேதியியல் படித்தவள். இந்தப் பொடியில் என்னை அதிகம் ஈர்த்தது அதன் தாங்குதிறன். நம் வயிற்றில் சுரக்கும் நொதியை எடுத்துச் சோடாவும் அழுக்குநீக்கியும் கலந்த தண்ணீரில் போட்டால் சீக்கிரமே செயலிழந்துவிடும். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் 1913ல் துணி ஊறவைக்க நொதியைப் பயன்படுத்தக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன்பு தோல் பதனிடும் தொழிலில் நாய் விட்டையைப் போட்டுத் தோலை மென்மையாக்கும் வழக்கத்தை மாற்றி, விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அதே கணைய நொதியைத் துணிக்குக் கொண்டுவந்தார். ஆனால் சோடாத் தண்ணீரில் அதற்கு வலு போதவில்லை. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதற்கு மாற்று வந்தது. மண்ணில் வாழும் பேசிலஸ் வகை பாக்டீரியா சுரக்கும் புரோட்டியேஸ், காரத் தண்ணீரில் நன்றாகவே வேலை செய்தது. 1959ல் சுவிட்சர்லாந்தில் பயோ 40 என்ற பொடியும், 1960களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் நோவோ கம்பெனி பேசிலஸ் லைக்கெனிஃபார்மிஸ் பாக்டீரியாவிலிருந்து எடுத்த அல்கலேஸும் வந்தன. இந்த பாக்டீரியா தன் நொதியைச் செல்லுக்கு வெளியே விட்டுவிடும். பெரிய தொட்டியில் வளர்த்து, வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். செல்லை உடைக்க வேண்டியதில்லை. விலை கட்டுப்படியானதற்கு இது முக்கியக் காரணம்.

அப்புறம் பிளீச் ஒரு இடைஞ்சலாக இருந்தது. சப்டிலிசின் என்ற அந்தப் புரோட்டியேஸில், புரதச் சங்கிலியின் கண்ணிகளாக 275 அமினோ அமிலங்கள். 222ஆவது இடத்தில் இருக்கும் மெத்தியோனின், பிளீச் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து நொதியின் வேலை படுத்துவிடும். 1985ல் அமெரிக்காவின் ஜெனன்கோர், ஜெனன்டெக் கம்பெனிகளின் விஞ்ஞானிகள் அந்த ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். செரின், அலனின் போன்றவற்றை அங்கே வைத்தபோது ஹைட்ரஜன் பெராக்சைடிலும் நொதி தாங்கியது. 275ல் ஒன்றை மாற்றியதில் இவ்வளவு வித்தியாசம்.

எதை மாற்றுவது என்று தெரியாதபோது என்ன செய்வது? அதற்கு வழி காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஃபிரான்சஸ் ஆர்னால்டு. கன்னிப்பூ அறுப்பில் நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்துவைத்து, வருஷா வருஷம் அதையே தொடர்வது போலத்தான் அவர் நொதியைத் தேர்ந்தெடுத்தார். நொதியின் மரபணுவில் கண்டபடி சின்னச் சின்ன மாற்றங்களை உண்டாக்கி, தனக்கு வேண்டிய சூழலில் நன்றாக வேலை செய்வதைப் பொறுக்கி, அதை மறுபடி மாற்றி, மறுபடி பொறுக்கினார். 1993ல் அவர் வெளியிட்ட ஆய்வில், நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் டைமெத்தில்ஃபார்மமைடு 60 சதவீதம் கலந்த கரைசலில் மூல நொதியைவிட 256 மடங்கு செயல்படும் சப்டிலிசின் கிடைத்தது. 2018ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். லைப்பேஸுக்கு வேறு பாதை. தெர்மோமைசஸ் லானுஜினோசஸ் என்ற சூடு விரும்பும் பூஞ்சையின் மரபணுவை, ஜப்பானியர் சோயா சாஸுக்குக் காலங்காலமாகப் பயன்படுத்தும் ஆஸ்பெர்ஜிலஸ் ஒரைசே பூஞ்சையில் வைத்து வளர்த்தார்கள். 1988ல் லைப்போலேஸ் என்று அது சந்தைக்கு வந்தது. எண்ணெய்க் கறைக்கு நம்மைப் போன்றவர்கள் விறகு எரிக்காமல் இருக்க இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்திருக்கிறார்கள்.

குளிர்நாடுகளில் இந்த நொதிகளைக் குறைந்த சூட்டில் வேலை செய்யவைக்க இன்னும் பாடுபடுகிறார்கள், ஏனென்றால் துணி துவைப்பதில் செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி தண்ணீரைச் சுடவைக்கத்தான் போகிறது. அவர்கள் 60 டிகிரியிலிருந்து 40க்கும் 30க்கும் இறங்கி வந்திருக்கிறார்கள். நம் குழாய்த் தண்ணீரே கிட்டத்தட்ட 28 டிகிரி. அவர்கள் அங்கே கஷ்டப்பட்டு உண்டாக்கிய குளிர்நீர் நொதி நமக்குக் குழாயடியிலேயே வேலை செய்யும்.

சரி, எங்கள் முறைக்கு வருகிறேன். மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்க் கலன் வைத்திருக்கிறோம். அதிலிருந்து வரும் தண்ணீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து 40, 45 டிகிரிக்கு வைத்துக்கொள்கிறோம். கை வைத்தால் இதமான சூடு. 100 லிட்டருக்கு 300 கிராம் பொடி. முதலில் மணலும் உப்பும் போகப் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு. பிறகு விரிப்பு முக்கால் மணி நேரம் ஊற வேண்டும், எண்ணெய் உறை இரண்டு மணி நேரம். மழைநாளில் வெந்நீர் கிடைக்காவிட்டால் பச்சைத் தண்ணீரிலேயே ராத்திரி ஊறவைத்துவிடுகிறோம். சூடு பத்து டிகிரி குறைந்தால் நொதியின் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அதற்கேற்ப நேரம் கொடுத்தால் போதும். 70 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் நொதியின் மடிப்பு அவிழ்ந்து வேலை நின்றுவிடும். அவசரப்பட்டு யாராவது கொதிநீர் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வேலைக்காரப் பெண்களுக்கு மைனி முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

காஸ்டிக்கை ஊறவைக்கும் தொட்டிப் பக்கமே கொண்டுவரக் கூடாது. பொடியிலேயே இருக்கும் சோடா போதும். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பிஹெச் தாள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை குறைவுதான். 9க்கும் 10.5க்கும் நடுவில் இருந்தால் நல்லது. முந்தைய துணியின் காஸ்டிக் தொட்டியில் தங்கி 12, 13 என்று ஏறினால் அந்தத் தொட்டிப் பொடி வீண்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிளீச்சைத் தாங்கும் நொதி என்று மூட்டையில் போட்டிருந்தாலும், அது பெராக்சைடு வகைப் பிளீச்சைப் பற்றியது. நாம் போடுவது குளோரின் பிளீச். அது பலமடங்கு கடுமை. இரண்டையும் ஒரே தண்ணீரில் கலந்தால் நொதி நிமிடத்தில் போய்விடும். பிளீச் கட்டாயம் வேண்டும் என்றால் நொதித் தண்ணீரை வடித்து, அலசி, தனித் தொட்டியில் போடுங்கள். எண்ணெய் உறைக்கு நாங்கள் பிளீச்சே போடுவதில்லை. துணியில் ஒட்டியிருக்கும் லைப்பேஸ் கொடியிலும் வேலை செய்யட்டும் என்றுதான்.

எங்கள் போர்வெல் தண்ணீர் கடினம். சோப்புப் போட்டால் நுரைக்காது, துணியில் வெள்ளைப் படலம் கட்டும். அதற்காக மென்மையாக்கும் பொடியை அள்ளிப் போடும் வழக்கம் நிறைய இடங்களில் உண்டு. நொதியோடு அது ஒத்துவராது. சப்டிலிசின் தன் வடிவம் குலையாமல் இருக்கக் கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீரை மென்மையாக்கப் போடும் ஈடிடிஏ மாதிரிப் பொருள் அந்தக் கால்சியத்தையும் பறித்துக்கொள்ளும். கால்சியம் பிடிக்கும் வளைவையே வெட்டி நீக்கிவிட்டு, அது இல்லாமலே நிலைத்து நிற்கும் சப்டிலிசினை 1990களில் உண்டாக்கியிருக்கிறார்கள். உங்கள் மூட்டையில் இருப்பது எந்த வகை என்று கடைக்காரருக்குத் தெரியாது. அதனால் பொடியில் ஏற்கெனவே இருப்பது போதும் என்று விட்டுவிடுங்கள்.

இந்தப் பொடி எடுக்காத கறைகளை எங்கள் தொழிலாளிகள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாடிக்கையாளரிடம் பொய் வாக்குக் கொடுத்துவிடுவோம். மஞ்சள் போகாது. குழம்பின் எண்ணெயும் மாவும் போய், மஞ்சள் மட்டும் தெளிவாகத் தங்கும். அதற்கு வெயில்தான் மருந்து. மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதையும். இரண்டு வெயில் பட்டால் காணாமல் போகிறது. வாழைக்கறை போகாது. ஏத்தன் குலை சுமந்த துண்டு, இலை நறுக்கிய இடத்து விரிப்பு இரண்டுக்கும் இந்த நான்கு நொதிகளில் ஒன்றும் உதவாது. வெற்றிலைக் கறையும் அப்படியே. ரப்பர் பால் பட்டுக் காய்ந்த சட்டையைக் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒருவர் கொண்டுவந்தார். பாலில் புரதம் இருந்தாலும் துணியில் ஒட்டியிருப்பது ரப்பர், புரோட்டியேஸால் அதை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். இரும்புத் துருவுக்கு ஆக்சாலிக் அமிலம் வேண்டும். கார்த்திகையில் சாமிமார் கூட்டம் வரும்போது கறுப்பு வேட்டியின் சாயம் விரிப்பில் இறங்கும், அதுவும் போகாது.

பட்டும் கம்பளியும் இந்தத் தண்ணீரில் படவே கூடாது. பட்டே புரதம். புரோட்டியேஸுக்குக் கறைப் புரதம், துணிப் புரதம் என்ற வித்தியாசம் கிடையாது. மண்டப விரிப்போடு மாப்பிள்ளையின் பட்டு வேட்டி சுருண்டு வருவதுண்டு. ஊறவைக்கும் முன் ஒவ்வொரு துணியையும் உதறிப் பாருங்கள்.

குறைகளும் இருக்கின்றன. நெய், பால் பட்ட துணியை நன்றாக அலசாவிட்டால் ஒரு கெட்ட வாடை வரும். பால் கொழுப்பில் இருக்கும் குட்டைக் கொழுப்பு அமிலங்களை லைப்பேஸ் உடைத்து வெளியே விடுவதால் வரும் வாடை அது. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் துணி சீக்கிரம் காயாது, வாடை இன்னும் தங்கும். பாயசம் பட்ட விரிப்புகளுக்கு மட்டும் நாங்கள் ஒரு அலசு கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்தத் தண்ணீர்ச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டையில் நொதிகளின் பெயர் இருக்கிறது, எவ்வளவு வீரியம் என்று இல்லை. எனக்குப் பெரிய மனக்குறை இதுதான். உரமூட்டையில் தழைச்சத்து எத்தனை சதவீதம் என்று போடுகிறார்களே, அதே மாதிரி இங்கேயும் போட வேண்டும். தகரக் கூரைக் கிட்டங்கியில் கோடை முழுதும் கிடந்த ஒரு மூட்டை எங்களுக்கு வந்தது. கட்டி தட்டியிருந்தது, கறையில் பாதிகூட எடுக்கவில்லை. கடையில் சொன்னபோது பொடிக்கு என்ன ஆகும் என்றார்கள். உப்புக்காற்று வீசும் ஊரில் ஈரமும் சூடும் சேர்ந்தால் நொதி கெடும். நாங்கள் இப்போது மூட்டையைப் பிரித்ததும் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி, உள்ளறையில் வைக்கிறோம்.

வீரியத்தைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே படத்தில் ஒரு துண்டு வெட்டி, வெதுவெதுப்பான பொடிக் கரைசலில் போடுங்கள். பழைய படங்களில் வெள்ளித் துகள் ஜெலட்டின் படலத்தில் பதிந்திருக்கும். ஜெலட்டின் புரதம். புரோட்டியேஸ் நன்றாக இருந்தால் கறுப்புப் படலம் கழன்று, தெளிந்த பிளாஸ்டிக் தாள் மிஞ்சும். இப்போதைய பிரிண்டர் படங்களில் இதைச் செய்யாதீர்கள், அவற்றின் படலம் வேறு. அமைலேஸுக்குச் சோற்றுக் கஞ்சியில் கொஞ்சம் பொடி கலந்து அரை மணி நேரம் வைத்து, வினிகர் விட்டுப் புளிப்பாக்கிய பிறகு டிஞ்சர் அயோடின் சொட்டுங்கள். கரு நீலம் வராவிட்டால் மாவு வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். வினிகர் முக்கியம், சோடா இருந்தால் நொதி இல்லாமலே அயோடினின் நீலம் மறைந்துவிடும். நொதி இல்லாத சாதாரணப் பொடியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொடியைக் கையாளும்போது முகத்தில் துணி கட்ட வேண்டும். 1960களின் கடைசியில் இங்கிலாந்தில் நொதிப் பொடி தயாரித்த ஆலைகளில் தூளைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூச்சிரைப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் நொதியைத் தூளாக விடாமல், மேலே பூச்சுக் கொடுத்துச் சிறு மணிகளாக்கினார்கள். பொடிக்குள் தனியாகத் தெரியும் மணிகள் பெரும்பாலும் அவைதான். கட்டியாகிவிட்டது என்று பொடியை இடிக்கக் கூடாது, மணி உடைந்து தூளாகப் பறக்கும். எங்கள் துண்டுச்சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லாதது எனக்குக் கோபம். பொடியை அளந்து போடுகிறவர்கள் கூலிக்கு வரும் பெண்கள். அவர்களின் நுரையீரலைப் பற்றி விற்கிறவர்கள் கவலைப்பட வேண்டும்.

நொதி திரவமாகவும் கேனில் வருகிறது. திரவத்தில் புரோட்டியேஸ் பக்கத்தில் இருக்கும் லைப்பேஸையும், ஏன், தன்னையே கூட வெட்டும். போரேட் மாதிரிப் பொருள்களைக் கலந்து அதை அடக்கி வைத்திருப்பார்கள், தண்ணீரில் கலக்கும்போது அடக்கம் நீங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் நம் வெயிலில் லாரியிலும் கிட்டங்கியிலும் கிடக்கும் கேனை நான் நம்பவில்லை. பொடியே போதும்.

இப்போது பணக் கணக்கு. பொடிக்குச் செலவு கூடியது. விறகு பாதிக்கு மேல் குறைந்தது. காஸ்டிக் அறவே நின்றது, பிளீச் மிகவும் குறைந்தது. விரிப்புகளும் முன்புபோல் சீக்கிரம் நூலிழை விட்டுப் போவதில்லை. பருத்தியைக் கெடுத்தது பெரும்பாலும் பிளீச்சும் கொதிப்பும்தான். விரிப்பை மாற்ற வேண்டிய காலம் தள்ளிப்போனதால் லாட்ஜ்காரர்கள் கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கச் சம்மதித்தார்கள். கடற்கரைப் பக்க லாட்ஜ் ஒன்றின் மேலாளர், "அக்கா, மழையிலயும் விரிப்புல வாட வரல்லியே, பவுடரு மாத்தினியளா?" என்று கேட்டார். மொத்தத்தில் எங்களுக்கு லாபம்தான், பெரிய லாபம் இல்லை. நாளைக்கு இருபது முப்பது உருப்படி வரும் சின்னக் கடைக்குத் தனித் தொட்டி, வெந்நீர்க் கலன் என்று முதல் போட்டால் திரும்பி வர நாளாகும். அவர்கள் கடையில் கிடைக்கும் நொதி கலந்த சாதாரணச் சலவைப் பொடியை வாங்கிப் பச்சைத் தண்ணீரில் ராத்திரி ஊறவைத்தாலே போதும்.

எங்கள் கழிவுநீர் ஓடை வழியாகக் குளத்துக்குப் போகிறது. அந்தக் குளத்தில் மாடு குளிப்பாட்டுகிறார்கள், பிள்ளைகள் நீந்துகிறார்கள். முன்பு காஸ்டிக்கும் குளோரினும் கலந்த தண்ணீர் அதே ஓடையில் போனது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. நொதி புரதம்தான், மண்ணிலும் தண்ணீரிலும் சீக்கிரம் சிதைந்துவிடும். சோடா உப்பு இன்னும் போகிறது. வடிகட்டும் குழி ஒன்று வெட்டி, கல்வாழை நட்டிருக்கிறோம். பஞ்சாயத்துகள் லாண்டரிகளுக்கு இப்படிக் குழி வெட்ட உதவி செய்தால், விறகைக் குறைத்ததற்கும் சேர்த்து ஊருக்கே பலன் கிடைக்கும்.

வாங்கப் போகிறவர்கள் மூட்டையில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். கடைக்காரர் மூட்டையை எங்கே அடுக்கியிருக்கிறார் என்றும் போய்ப் பாருங்கள். தகரத்துக்கு அடியில் என்றால் வேறு கடைக்குப் போங்கள். முதலில் ஐந்து கிலோ மட்டும் வாங்கி, எண்ணெய் உறைகளில் மூன்று வெளுப்பு போட்டு, பழைய முறையில் வெளுத்த உறையையும் பக்கத்தில் விரித்து வெயிலில் வைத்து ஒப்பிட்ட பிறகு பெரிய மூட்டைக்குப் போகலாம்.